மே மாதம் ஃப்ரெண்ட்ஷிப் பீக்: பனிச்சரிவு பற்றி யோசிக்க வேண்டுமா?

தாம்பரத்தான்
வணக்கம் மக்களே. மே இரண்டாவது வாரம் மணாலி பக்கம் ஃப்ரெண்ட்ஷிப் பீக் (5,289 மீட்டர்) போகிறோம். ஆபீஸ் நண்பர்கள் ஐந்து பேர். எல்லோரும் கேதார்காந்தா ட்ரெக் போனவர்கள், இரண்டு பேர் ரூபின் பாஸ் ட்ரெக்கும் முடித்திருக்கிறார்கள். க்ராம்பான் (பூட்ஸ் அடியில் மாட்டும் இரும்புப் பற்கள்) போட்டு நடந்த பழக்கம் கொஞ்சம்தான்.

கூட்டிப்போகும் ட்ரெக்கிங் கம்பெனிக்காரரிடம் பனிச்சரிவு பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் ஜனவரி, பிப்ரவரி சமாச்சாரம் சார். மே மாதம் பனி இறுகிவிடும்" என்றார். வீட்டில் அம்மா டிவியில் உத்தராகண்ட் பனிச்சரிவுச் செய்தி பார்த்ததிலிருந்து போகவே போகாதே என்கிறார். யார் சொல்வது சரி? பீக்கன் (பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க சிக்னல் அனுப்பும் கருவி) வாடகைக்கு எடுக்க வேண்டுமா?

அட்டவணை இதுதான்: துந்தி, பக்கர்தாச், லேடி லெக் (எல்லாம் வழியில் வரும் இடங்கள்), சம்மிட் (உச்சி), இறக்கம். நடுவில் ஒரு நாள் ரிசர்வ். சம்மிட் நாளுக்கு "அதிகாலை 4 மணிக்குக் கிளம்பி மதியம் 12க்குள் உச்சி" என்று போட்டிருக்கிறது.

மேகமலை
பயப்படாம போயிட்டு வாங்க ப்ரோ. போன வருஷம் மே கடைசியில் எங்கள் குரூப் போனது, ஒன்றும் ஆகவில்லை. உள்ளூர் கைடுகள் சின்ன வயதிலிருந்து அந்த மலையிலேயே திரிந்தவர்கள். அவர்களுக்குத் தெரியாததா? பீக்கன் எல்லாம் வெளிநாட்டுக்காரன் வியாபாரம். ரொம்ப யோசித்தால் கொடைக்கானலுக்குத்தான் போக முடியும் :)

பாறைப்பல்லி
கம்பெனிக்காரர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியும் ராத்திரிக்கும் விடியற்காலைக்கும் மட்டும்தான் பொருந்தும்.

நான் மணாலி மலையேற்ற நிறுவனத்தில் பேசிக், அட்வான்ஸ் இரண்டும் முடித்துவிட்டு அங்கேயே சில சீசன் வேலை பார்த்தவன். இப்போது கோவையில் இருக்கிறேன். ஃப்ரெண்ட்ஷிப் பக்கம் நன்றாகத் தெரியும் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஜனவரியில் புதுப்பனி கொட்டும், காற்று அதை ஒரு பக்கமாகக் குவிக்கும், அடியில் பலவீனமான அடுக்கு ஒன்று இருந்தால் மேலே உள்ளது பாளமாக வெட்டுப்பட்டு இறங்கும். அதற்கு நேரம் காலம் கிடையாது. ஏப்ரல், மே மாதத்தில் பெரும்பாலும் வேலை செய்வது தண்ணீர். வெயிலில் மேல்பனி உருகி, அந்தத் தண்ணீர் துகள்களுக்கு நடுவே இறங்கி, அவற்றுக்கு இடையில் இருக்கும் பிடிப்பைக் கரைத்துவிடும். ராத்திரி மறுபடி உறைந்தால் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். காலை ஐந்து மணிக்கு க்ராம்பான் பல் மட்டும் பதிகிற அதே இடத்தில் பத்தரை மணிக்கு முழங்கால் வரை புதையும். இரண்டுக்கும் நடுவில் ஐந்தரை மணி நேரம்தான்.

அதனால் மாதத்தைக் கேட்காதீர்கள், மணியைக் கேளுங்கள். உங்கள் அட்டவணையில் எனக்கு உதைக்கிற ஒரே வரி அந்த 4 மணி, 12 மணிதான். மே நடுவில் அங்கே ஐந்தரைக்கெல்லாம் சூரியன் வந்துவிடும். கிழக்கு பார்த்த சரிவு முதலில் இளகும், அப்புறம் தெற்கு, மத்தியானத்துக்கு மேல் மேற்கு. 12 மணிக்கு உச்சியில் நின்று போட்டோ எடுத்தால் செங்குத்தான பகுதியில் நீங்கள் இறங்குவது ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில். நாள் முழுக்கத் தேடினாலும் அதைவிட மோசமான நேரம் கிடைக்காது.

மேகமலை, உள்ளூர் கைடுகள் மேல் எனக்கு மரியாதை உண்டு, அவர்களிடம்தான் கற்றேன். ஆனால் 2022 அக்டோபர் 4 அன்று திரௌபதி கா டண்டா 2 சிகரத்தில் உத்தர்காசி நேரு மலையேற்ற நிறுவனத்தின் பயிற்சிக் குழு 29 பேரை இழந்தது. கூட இருந்தவர்கள் பயிற்றுநர்கள். அனுபவத்துக்கு என்ன குறை? இன்னொன்று, கைடு மனசுக்குள் "இன்றைக்கு வேண்டாம்" என்று நினைத்தாலும், ஐந்து பேர் சென்னையிலிருந்து பணம் கட்டி வந்து முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் அவர் வாயில் அது சுலபத்தில் வராது.

தாம்பரத்தான்
விளக்கத்துக்கு நன்றி அண்ணா. ஒரு கணக்கு இடிக்கிறது. லேடி லெக் முகாம் சுமார் 3,900 மீட்டர் என்கிறார்கள். அங்கிருந்து உச்சிக்கு 1,400 மீட்டர் ஏற்றம். எத்தனை மணிக்குக் கிளம்பினால் சரி?

பாறைப்பல்லி
சரியான இடத்தில் கை வைத்தீர்கள். அந்த உயரத்தில் பழகிய ஆள் மணிக்கு 200 மீட்டர் ஏறுவார். ஏழு மணி நேரம். இரவு ஒன்றுக்குக் கிளம்பினால் காலை எட்டு. உங்கள் குழு 150 ஏறினாலே பெரிய விஷயம், அப்படியென்றால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல், உச்சிக்கு வரவே பத்தரை ஆகிவிடும். இறங்க வேண்டிய நேரத்தில் இன்னும் ஏறிக்கொண்டிருப்பீர்கள்.

இரண்டு வழி இருக்கிறது. லேடி லெக்குக்கு மேலே இன்னொரு முகாம் போடச் சொல்லுங்கள். கூடுதல் போர்ட்டர் கூலி கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். அல்லது இரவு பத்தரை, பதினொன்றுக்கே கிளம்புங்கள். இரண்டாவது வழியில் தூக்கம் போய்விடும், புதியவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். எதுவானாலும் திரும்பும் நேரத்தைக் கீழேயே பேசி முடித்துக்கொள்ள வேண்டும். எட்டரை என்றால் எட்டரை. உச்சி நூறு மீட்டரில் தெரிந்தாலும் எட்டரை.

வின்டர்தூர்_வாணி
நான் யாழ்ப்பாணம், இப்ப சுவிஸ்ல இருக்கிறேன். குளிர்காலம் முடியும்வரை ஸ்கீ டூரிங் போகிற ஆள். பாறைப்பல்லி சொல்வதோட ஒத்துப்போகிறேன். இங்கே டாவோஸில் இருக்கிற எஸ்எல்எஃப் என்ற பனி ஆராய்ச்சி நிறுவனம் ஒவ்வொரு நாளும் பனிச்சரிவு அறிக்கை வெளியிடும். வசந்தம் வந்துவிட்டால் காலைக்கு ஒரு நிலை, பின்னேரத்துக்கு இன்னொரு நிலை என்று பிரித்துப் போடுவார்கள். காலையில் 1 என்று இருந்த சரிவு பின்னேரம் 3 ஆகிவிடும். ஐந்தில் மூன்றுதானே என்று சனம் நினைக்கும். ஆனால் ஆகக் கூடின சாவு நடக்கிறது அந்த 3ஆம் நிலையிலதான். 4, 5 என்றால் ஒருத்தரும் வெளிக்கிட மாட்டினம்.

தம்பி, நீங்கள் நடக்கப் போகிற சரிவு எத்தனை பாகை என்று தெரியுமா? பாளப் பனிச்சரிவு பெரும்பாலும் 30 பாகைக்கும் 45 பாகைக்கும் இடையில. ஈரப்பனி அதைவிடச் சாய்வு குறைந்த இடத்திலும் வழுக்கும். போனிலேயே சாய்வு அளக்கிற வசதி இருக்கு, ஸ்டிக்கைச் சரிவில் படுக்க வைத்து அதுக்கு மேல போனை வைத்தால் சரி. நீங்கள் நிற்கிற இடம் 20 பாகையாக இருந்தாலும் தலைக்கு மேல 40 பாகை இருந்தால் அதுதான் கணக்கு.

மேகமலை
இந்தியாவில் அப்படி அறிக்கை எதுவும் இல்லையா? சும்மா கேட்கிறேன், கிண்டல் இல்லை.

பாறைப்பல்லி
இருக்கிறது. சண்டிகரில் இருக்கும் டிஜிஆர்இ, அதாவது பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையைச் சேர்ந்த நிறுவனம், நிற எச்சரிக்கை கொடுக்கிறது. முன்பு சாசே என்ற பெயரில் மணாலியில் தொடங்கியது, 2020இல் இன்னொரு ஆய்வகத்தோடு சேர்த்து இந்தப் பெயர் வைத்தார்கள். ஆனால் அது மாவட்டம், உயரம் என்ற அளவில் வருவது. ராணுவத்துக்கும் சாலைக்கும் உதவும். ஃப்ரெண்ட்ஷிப்பின் இந்த முகடு, அந்த நாலா (ஓடைப் பள்ளம்) என்று யாரும் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. வானிலை மையத்தின் ஹிமாச்சல் அறிக்கையில் வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ் (மேற்கிலிருந்து மழை, பனி கொண்டுவரும் காற்றமைப்பு) வருகிறதா என்று கட்டாயம் பாருங்கள். சென்னையில் புயல் சமயத்தில் மணிக்கொரு முறை மாடல் பார்க்கிற கூட்டம்தானே நாம், அந்தப் பழக்கம் இங்கே உதவும். மே மாதத்திலும் 4,000 மீட்டருக்கு மேல் ஒரே ராத்திரியில் ஓரடி புதுப்பனி விழும். விழுந்த மறுநாள் பளிச்சென்று வெயில் அடிக்கும், எல்லோருக்கும் கிளம்பக் கை துறுதுறுக்கும். அந்த நாள் முகாமில் உட்கார்ந்து மேகி சாப்பிடுங்கள்.

தாம்பரத்தான்
ராத்திரி உறைந்ததா இல்லையா என்று எங்களைப் போன்றவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பது? தெர்மாமீட்டர் போதுமா?

பாறைப்பல்லி
தெர்மாமீட்டரைவிட வானம் முக்கியம். வானம் தெளிந்து நட்சத்திரம் தெரிந்தால் பனி தன் சூட்டை மேலே விட்டுவிடும். காற்றின் வெப்பம் பூஜ்யத்துக்கு ஒன்றிரண்டு டிகிரி மேலே இருந்தாலும்கூட மேற்பரப்பு உறையும். மேகம் மூடினால் கம்பளி போர்த்திய மாதிரி, அந்தச் சூடு வெளியேறாது. தெர்மாமீட்டர் பூஜ்யத்துக்குக் கொஞ்சம் கீழே காட்டும், ஆனால் உறைந்தது மேலே இரண்டு விரல் கனம்தான் இருக்கும். நம்மாட்கள் "குளிராகத்தானே இருக்கிறது" என்று கிளம்பிவிடுவார்கள். குளிர் நமக்கு, பனிக்கு அல்ல.

சோதனை இப்படிச் செய்யுங்கள். டென்ட்டைச் சுற்றி மிதிபட்ட பனியில் பார்க்காதீர்கள், அது எப்போதும் கெட்டியாகத்தான் இருக்கும். இருபது முப்பது அடி தள்ளி, யாரும் மிதிக்காத இடத்துக்குப் போங்கள். ஒற்றைக் காலில் முழு எடையையும் போட்டு நில்லுங்கள். தாங்குகிறதா? ஒரு குதி குதியுங்கள். அப்போதும் தாங்கினால் ஐஸ் ஆக்ஸின் (பனிக்கோடரி) அடிக்கூரைக் குத்துங்கள், சிரமப்பட்டு இறங்க வேண்டும். மேல் ஓடு படக்கென்று உடைந்து கணுக்கால் உள்ளே போய், அங்கிருந்து ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் கையுறை நனைகிறது என்றால் அன்றைக்கு சம்மிட் கிடையாது. இரவு ஒரு மணிக்கே நனைகிறது என்றால் காலை எட்டுக்கு என்ன ஆகும்!

நடக்கும்போதும் காலைப் பார்த்துக்கொண்டே இருங்கள். பூட்ஸ் கணுக்கால் வரை புதைய ஆரம்பித்தால் செங்குத்துப் பகுதியை விட்டு வெளியேறும் நேரம் வந்துவிட்டது. பாறை ஓரங்களிலிருந்து சின்னச் சின்னப் பனி உருண்டைகள் தானாக உருண்டு கோடு போட்டுக்கொண்டு வரும். பார்க்க அழகாக இருக்கும், வீடியோ எடுக்கத் தோன்றும். எடுக்காமல் நடையைக் கட்டுங்கள்.

வின்டர்தூர்_வாணி
ஒன்று சேர்க்கிறேன். மணிக்கணக்கு எல்லாத்துக்கும் பொருந்தாது. அடிப்பனி புல்லிலயோ வழுவழுப்பான பாறையிலயோ இருந்து அப்படியே நழுவிற வகை ஒன்று இருக்கு. மேலே வாய் பிளந்த மாதிரி வெடிப்பு தெரியும். அது விடியவும் விழும், சாமத்திலயும் விழும். அந்த வெடிப்புக்குக் கீழே நடக்கவே கூடாது, இளைப்பாறவும் கூடாது. முகட்டில் காற்று கட்டி வைத்த கார்னிஸும் அப்படித்தான், வெயில் ஏறினால் எப்ப உடையும் என்று சொல்ல ஏலாது. உச்சி முகட்டில நின்று எட்டிப் பார்க்கிற ஆசை வரும். காலுக்குக் கீழே மலை இல்லாமல் வெறும் பனி மட்டும் இருக்கக்கூடும்.

ரிட்டயர்ட்_ஃபௌஜி
தம்பிகளா, நான் காஷ்மீரில் உயரத்துப் போஸ்ட்களில் இருந்தவன். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது எளிது. ஆபத்தான நாலாவைக் கடக்கும்போது ஒருத்தன் மட்டும் போவான், மற்றவன் எல்லாம் பாதுகாப்பான இடத்தில் நின்று அவன்மேல் கண் வைத்திருப்பான். போனவன் அந்தப் பக்கம் சேர்ந்த பிறகு அடுத்தவன். இடுப்பில் சிவப்பு அவலாஞ்ச் கார்டு கட்டி இழுத்துக்கொண்டு நடப்போம், புதைந்தால் கயிற்றின் ஏதோ ஒரு பகுதி மேலே தெரியட்டும் என்று. பிறகு ஏவிடி வந்தது, நீங்கள் பீக்கன் என்கிறீர்களே அதுதான்.

மலையேறுபவனுக்கு மட்டும் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். 2023 ஏப்ரல் 4, சிக்கிமில் நாது லா சாலையில் 15வது மைல் பக்கம் ஏழு சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். அனுமதி 13வது மைல் வரைதான். பனியைத் தொட்டுப் பார்க்கப் போன சாதாரண சனங்கள். 2021 ஏப்ரல் 23 நீதி பள்ளத்தாக்கு சும்னாவில் எல்லைச் சாலை அமைப்பின் முகாமில் பதினைந்து பேருக்கு மேல் போனார்கள். சரிவு மேலே எங்கேயோ உடையும், வந்து நிற்கிற இடம் கீழே சமவெளியாகக்கூட இருக்கும். டென்ட் அடிக்கிற இடம், டிபன் சாப்பிட உட்கார்கிற இடம் எல்லாம் தலையை நிமிர்த்திப் பார்த்துத் தேர்ந்தெடு.

மேகமலை
சார், மதிப்போடு கேட்கிறேன். 2016இல் சியாச்சினில் ஹனுமந்தப்பா ஆறு நாள் பனிக்கு அடியில் உயிரோடு இருந்தாரே. அப்படியென்றால் பீக்கன் இல்லாவிட்டாலும் மீட்புக் குழு வந்து எடுக்க வாய்ப்பு இருக்கிறதுதானே?

ரிட்டயர்ட்_ஃபௌஜி
அது 19 மெட்ராஸ் ரெஜிமென்ட். சோனம் போஸ்ட், 19,600 அடி. புதைந்தவர்கள் பத்து பேர், அதில் நான்கு பேர் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். ஒருவர்தான் உயிரோடு கிடைத்தார், அவரும் டெல்லி ஆஸ்பத்திரியில் பிப்ரவரி 11 அன்று போய்விட்டார். அதை வைத்துக் கணக்குப் போடாதே தம்பி.

பாறைப்பல்லி
அவர் கூடாரத்துக்குள் காற்று இடைவெளியோடு புதைந்தவர். 2025 பிப்ரவரி 28 அன்று பத்ரிநாத் பக்கம் மாணாவில் 54 தொழிலாளர்கள் சிக்கி 46 பேர் மீட்கப்பட்டதும் நினைவிருக்கும். பலரும் இரும்பு கன்டெய்னருக்குள் இருந்தார்கள். மூச்சு விட இடம் இருந்தது. திறந்த சரிவில் நடந்துபோகிறவருக்கு அந்த இடம் கிடையாது. ஓடும்போது தூள்தூளாக வரும் பனி நின்றதும் இறுகிவிடும், ஈரப்பனி என்றால் விரலைக்கூட அசைக்க முடியாது.

சுவிஸ் விபத்துகளை வைத்துப் போட்ட கணக்கில், முழுதாகப் புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். அரை மணி நேரத்தில் அது மூன்றில் ஒருவர் என்ற அளவுக்கு விழுந்துவிடும். வாணி இருக்கும் ஊரில் 1414க்கு அழைத்தால் ரேகா என்ற மீட்பு அமைப்பின் ஹெலிகாப்டர் வரும். லேடி லெக்குக்கு மேலே போன் சிக்னலே சந்தேகம். ஆள் கீழே ஓடி, தகவல் சொல்லி, குழு ஏறி வர அரை நாள். ஆகையால் உங்களைத் தோண்டி எடுக்கப் போவது உங்கள் பக்கத்தில் நடக்கும் நண்பர்தான். அவரிடம் பீக்கன், ப்ரோப் (பனியில் குத்தித் தேடும் நீளக் கம்பி), ஷவல் (மண்வாரி) மூன்றும் இருக்க வேண்டும். பீக்கன் மட்டும் வைத்திருந்தால் பிணம் எங்கே என்று தெரியும், அவ்வளவுதான். கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும்.

மணாலியில் பீக்கன் வாடகைக்குக் கிடைப்பது கஷ்டம். கிடைத்தால் பக்கர்தாச் முகாமில் ஒரு மத்தியானம் முழுக்க ஒன்றைப் பையில் சுற்றிப் புதைத்துத் தேடிப் பழகுங்கள். போனை அதிலிருந்து விலக்கி வையுங்கள், தேடும்போது குறைந்தது அரை மீட்டர். பழகாமல் கழுத்தில் மாட்டிக்கொள்வது தாயத்து கட்டுவதுதான். கிடைக்கவில்லையா, திரும்பும் நேரத்தை இன்னும் முன்னால் வையுங்கள்.

மேகமலை
சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இன்னொரு கேள்வி. எங்கள் கைடு எல்லோரையும் ஒரே ரோப்பில் கட்டித்தான் கூட்டிப்போனார். அது பாதுகாப்புக்குத்தானே? ஃபௌஜி சார் ஒவ்வொருவராகப் போகச் சொல்கிறார்.

பாறைப்பல்லி
இதில் கைடுகளுக்குள்ளேயே சண்டை வரும். பனிப்பிளவு இருக்கும் இடத்தில் ரோப் வேண்டும், ஒருவர் உள்ளே விழுந்தால் மற்றவர்கள் பிடிக்க. செங்குத்துச் சரிவில் பனியில் அடித்து ஊன்றிய ஆங்கர் எதுவும் இல்லாமல் ஆறு பேரை ஒரே ரோப்பில் கோத்தால் ஒருவர் வழுக்கும்போது ஆறு பேரும் போவார்கள். பனிச்சரிவு ஒருவரைப் பிடித்தால் ரோப் மற்றவர்களையும் உள்ளே இழுக்கும். என் பழக்கம்: பிளவு உள்ள தட்டையான பகுதியில் ரோப், செங்குத்துப் பகுதியில் கைடு முன்னால் போய் ஆங்கர் அடித்துக் கட்டிய நிலையான கயிறு, பனிச்சரிவு சந்தேகம் உள்ள நாலாவில் ரோப் கழற்றி ஒவ்வொருவராக. "புது ஆட்கள், கட்டி வைத்தால்தான் கட்டுப்பாட்டில் இருப்பார்கள்" என்று கைடு சொல்வார். அவர் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஐஸ் ஆக்ஸை வைத்துத் தன்னைத்தானே நிறுத்தத் தெரியாத ஆளைக் கட்டிக் கூட்டிப்போவதற்குப் பதில் கீழே ஒரு நாள் கற்றுக்கொடுக்கலாம். அந்தப் பயிற்சி நாள் உங்கள் அட்டவணையில் இல்லையே தாம்பரத்தான்?

தாம்பரத்தான்
இல்லை. நேற்று கம்பெனியில் ஒரு மணி நேரம் பேசினேன். முதலில் "எல்லோருக்கும் இதே ஐட்டினரிதான் சார்" என்றார். மேல் முகாம், பயிற்சி நாள், இரண்டு ரிசர்வ் நாள், எட்டரை மணிக்குத் திரும்புவது எல்லாவற்றையும் மெயிலில் எழுதிக் கேட்டதும் கைடிடமே போனைக் கொடுத்தார். கைடு ரொம்ப சந்தோஷப்பட்டார், அதுதான் ஆச்சரியம். "நானே ஒரு மணிக்குத்தான் கிளப்புவேன், நாலு மணி என்று ஆபீஸில் போட்டால் புக்கிங் நன்றாக வருகிறது" என்றார்.

தலைக்குக் கொஞ்சம் பணம் கூடுகிறது. எங்களில் இரண்டு பேர் பியாஸ் குண்ட் ஏரி வரை வந்துவிட்டு பக்கர்தாச்சிலேயே இருப்பதாக முடிவு செய்துவிட்டார்கள். மூன்று பேர் போகிறோம். பீக்கன் டெல்லியில் ஒரு நண்பரிடம் மூன்று இருக்கிறது, கேட்டிருக்கிறேன். அம்மாவுக்கு இந்த இழையைப் படித்துக் காட்டினேன். "இவ்வளவு தெரிஞ்சும் போவியா?" என்கிறார் :(

வின்டர்தூர்_வாணி
அம்மா கேட்டது நியாயம்தான் தம்பி. கைடுக்கும் சேர்த்து நாலாவது பீக்கன் ஒன்று தேடுங்கோ. அவர் புதைந்தால் ஆர் கண்டுபிடிக்கிறது?

தாம்பரத்தான்
அடடா, அதை யோசிக்கவே இல்லை அக்கா. கேட்கிறேன். கடைசியாக ஒன்று: பூட்ஸும் க்ராம்பானும் மணாலியில் வாடகைக்கு எடுக்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

பாறைப்பல்லி
கடையிலேயே க்ராம்பானை அதே பூட்ஸில் மாட்டி, ஸ்ட்ராப்பைக் கட்டாமல் தூக்கி உதறிப் பாருங்கள். விழுந்தால் அளவு சரியில்லை. ஸ்ட்ராப் பழசாக நூல் பிரிந்திருந்தால் மாற்றிக் கேளுங்கள். அடியில் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் தட்டு இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் இறங்கும்போது ஈரப்பனி பற்களுக்கு நடுவே அப்பி, பல் பனியைத் தொடவே தொடாது, காலுக்கடியில் உருண்டை கட்டிக்கொண்டு நடப்பீர்கள். சரிவில் வழுக்கி விழுபவர்களில் நிறைய பேர் அதனால்தான் விழுகிறார்கள். தட்டு இருந்தாலும் நாலைந்து அடிக்கு ஒருமுறை ஐஸ் ஆக்ஸ் பிடியால் பூட்ஸ் ஓரத்தில் ஒரு தட்டு தட்டிவிடுங்கள். மால் ரோட்டில் விலை அதிகம், பழைய மணாலிப் பக்கமும் விசாரித்துப் பாருங்கள்.